யாருடைய முகம் ஜூரிக்குப் பிடிக்கும்?

கோர்ட்டுப் படி ஏறாத தொழிலாளி குடும்பம் வட சென்னையில் ஏது? வாயிற்கூட்டம் போட்டால் வழக்கு. மறியல் செய்தால் வழக்கு. கூலி கேட்டு வயலில் இறங்க மறுத்தால் அதற்கும் ஒரு வழக்கு. மாதவரத்தை அடுத்த புழல் மத்திய சிறையின் மதில்சுவரைப் பார்த்துக்கொண்டேதான் ஜி.என்.டி. ரோட்டில் நம் தோழர்கள் லாரி ஓட்டிப் போகிறார்கள். ஆகையால், தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் யார் கையில் இருக்கவேண்டும் என்ற கேள்வி படித்த கனவான்களின் மாலைநேரப் பொழுதுபோக்கு அல்ல. அது நம் பிழைப்போடு ஒட்டிய கேள்வி.

இந்தக் கேள்வியில் இரண்டு கட்சிகள் கிளம்பியிருக்கின்றன.

ஒரு கட்சி சொல்கிறது: "ஜூரி முறை வேண்டும். ஊர் ஜனங்கள் ஒன்பது பேர் உட்கார்ந்து கேட்டால் நியாயம் கிடைக்கும். சட்டம் தவறென்றால் ஜனங்கள் அதைத் தள்ளிவைத்து மனசாட்சிப்படி தீர்ப்புச் சொல்வார்கள்."

இன்னொரு கட்சி சொல்கிறது: "ஐயோ, வேண்டாம்! பாமர ஜனங்கள் உணர்ச்சிக்கு அடிமை. எதிரி அழகாக இருந்தால், சீருடையில் வந்தால், கண்ணீர் விட்டால் விடுதலை செய்துவிடுவார்கள். நானாவதி வழக்கைப் பாருங்கள். நீதி படித்த ஜட்ஜ் கையிலேயே இருக்கட்டும்."

முதல் கட்சியின் பேச்சு பாதி உண்மை. இரண்டாவது கட்சியின் பேச்சு முழுப் பசப்பு. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். செயல் நடந்தது தெரியும். சட்டப்படி அது குற்றம் என்பதும் தெரியும். இருந்தும் ஜூரர்கள் "குற்றவாளி அல்ல" என்று சொல்லிவிடுகிறார்கள். இதுதான் சட்டத்தைத் தள்ளிவைக்கும் தீர்ப்பு. இது நேர்மையானதா, அல்லது எதிரியின் முகராசியைப் பார்த்துச் சொல்வதா? இதுவே கேள்வி.

நானாவதியும் எட்டுப் பேரும்

1959 ஏப்ரல் 27. பம்பாய். கவாஸ் மானெக்ஷா நானாவதி, ஐ.என்.எஸ். மைசூர் என்ற போர்க்கப்பலின் இரண்டாம் தளபதி. தன் மனைவிக்கு வேறொருவனோடு தொடர்பு என்று அவள் வாயாலேயே கேட்கிறார். மனைவியையும் குழந்தைகளையும் மெட்ரோ சினிமாவில் இறக்கிவிடுகிறார். கப்பலுக்குப் போய் ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாவும் வாங்குகிறார். பிரேம் அகூஜா என்ற மோட்டார் வியாபாரியின் ஆபீசுக்குப் போகிறார். அங்கே ஆள் இல்லை என்றதும் வீட்டுக்குப் போகிறார். மூன்று குண்டு. அகூஜா பிணம். நானாவதி நேரே போய்ச் சரணடைகிறார்.

ஆத்திரத்தில் கை மீறியது என்றால் அங்கேயே, அந்த நிமிஷமே மீறியிருக்கவேண்டும். சினிமாக் கொட்டகை, கப்பல், ஆபீஸ், அப்புறம் வீடு என்று இத்தனை தூரம் சுற்றி வந்த ஆத்திரத்தைச் சட்டம் ஆத்திரம் என்று ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் செஷன்ஸ் கோர்ட் ஜூரியில் ஒன்பது பேரில் எட்டுப் பேர் 1959 அக்டோபரில் "குற்றவாளி அல்ல" என்றார்கள். ஒரே ஒருவர்தான் மறுத்தார்.

ஏன்? வெள்ளைச் சீருடை, மார்பில் பதக்கங்கள், நிமிர்ந்த நடை. எதிரே செத்துக் கிடந்தவனோ பிறர் மனைவியரோடு திரிந்த மைனர் என்று பெயர் எடுத்தவன். 'பிளிட்ஸ்' வாரப் பத்திரிகை கரஞ்சியாவின் ஆசிரியத்துவத்தில் நானாவதியை வாராவாரம் வீரனாக்கியது. இடதுசாரிப் பத்திரிகை என்று பெயர் வாங்கிய ஏடு அது. எத்தனையோ ஊழல்களை அம்பலப்படுத்திய பேனா, இந்த விஷயத்தில் ஒரு கடற்படை அதிகாரிக்குச் சாமரம் வீசப் போய்விட்டது. நம் பக்கத்து ஏடு என்பதற்காக இதைச் சொல்லாமல் விடமுடியாது.

அகூஜா யோக்கியன் என்று வக்காலத்து வாங்க நாம் வரவில்லை. பணம் படைத்தவர்களின் குடும்பச் சண்டையில் நமக்கு ஒரு பக்கமும் இல்லை. ஆனால் அந்த எட்டுப் பேர் சொன்ன தீர்ப்பின் உள்ளர்த்தம் என்ன? "மனைவி கணவனின் உடைமை; உடைமையில் கை வைத்தவனைக் கொல்லலாம்; கொன்றவன் நல்ல குடும்பத்துக் கனவானாக இருந்தால் போதும்." இதுதான்.

இந்த அர்த்தத்தைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்து பாருங்கள். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், கடைத்தெருவில், சங்கர் என்ற தலித் இளைஞனை வெட்டிச் சாய்த்தார்கள். மேல்சாதிப் பெண்ணைக் காதலித்து மணந்தான் என்பதே அவன் செய்த குற்றம். 'குடும்ப மானம்' என்ற அதே வார்த்தைதான் அந்த அரிவாளுக்கும் சாணை பிடித்தது. ஊர்ப் பெரிய மனிதர்கள் ஒன்பது பேரை ஜூரியாக உட்கார வைத்து, "மானம் போன தகப்பன் மேல் பரிதாபப்படுங்கள்" என்று ஒரு வக்கீல் குரல் தழுதழுத்தால் என்ன நடக்கும்? சேரியில் வாழும் விவசாயத் தொழிலாளிக்கு நாம் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

கவர்னருக்கும் பிடித்த முகம்

ஆனால் கதை ஜூரியோடு முடியவில்லை. இரண்டாவது கட்சிக்காரர்கள் சாமர்த்தியமாக மறைக்கிற பகுதி இனிமேல்தான் வருகிறது.

செஷன்ஸ் ஜட்ஜ் மேத்தா ஜூரியின் தீர்ப்பை ஏற்காமல் ஹைகோர்ட்டுக்கு அனுப்பினார். ஹைகோர்ட் 1960 மார்ச் 11 அன்று கொலைக் குற்றம் என்று சொல்லி ஆயுள் தண்டனை விதித்தது. படித்த ஜட்ஜுகள் நீதியைக் காப்பாற்றிவிட்டார்கள் என்று கைதட்டப் போகிறீர்களா? பொறுங்கள். அதே நாளில் பம்பாய் கவர்னர் ஸ்ரீபிரகாசா தண்டனையை நிறுத்திவைத்து உத்தரவு போட்டார். அப்பீல் முடியும் வரை நானாவதி சிறைக்குப் போகவேண்டாம், கடற்படைக் காவலிலேயே இருக்கலாம் என்றார்.

ஸ்ரீபிரகாசா என்ற பெயர் தமிழ்நாட்டு உழைப்பாளிகளுக்குப் புதிதல்ல. 1952 தேர்தலில் சென்னை ராஜ்யத்தில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. கம்யூனிஸ்டுகளும் இருந்த ஐக்கிய முன்னணி மந்திரிசபை அமைக்க உரிமை கோரியது. அப்போது, தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை மேல்சபைக்கு நியமித்து முதல் மந்திரி ஆக்கிய கவர்னர் இவர்தான். ஜனங்கள் ஓட்டுப் போட்டவர்களைப் பிடிக்காமல் போன கவர்னருக்கு ஜூரி விட்ட கனவானைப் பிடித்துப்போனதில் ஆச்சரியம் என்ன?

1961 நவம்பர் 24 அன்று சுப்ரீம் கோர்ட்டும் தண்டனையை உறுதி செய்தது. மூன்று வருஷம்கூட ஆகவில்லை. 1964-ல் மகாராஷ்டிர கவர்னர் விஜயலட்சுமி பண்டிட் மன்னிப்பு வழங்கினார். பிரதம மந்திரி நேருவின் சகோதரி அவர். நானாவதி பார்சி, செத்தவன் சிந்தி. சிந்தி வியாபாரிகள் மனம் கோணக்கூடாது என்று பாய் பிரதாப் என்ற சிந்தி வியாபாரிக்கும் அதே சமயத்தில் மன்னிப்புக் கிடைத்தது. இரண்டு சமூகத்துக் கனவான்களும் திருப்தி. நானாவதி 1968-ல் குடும்பத்தோடு கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

பாருங்கள்! பாமரர்கள் உணர்ச்சிக்கு அடிமை என்றார்களே, கவர்னர் மாளிகையில் உட்கார்ந்திருந்தது எந்தப் பாமரன்? ஜூரி செய்ததை ஒரு ஜட்ஜ் மாற்றினார். அதைக் கவர்னர் மாற்றினார். ஜூரிக்குப் பிடித்த அதே முகம் கவர்னர்களுக்கும் பிடித்திருந்தது.

அதே பம்பாய்த் துறைமுகத்தில், அதே கடற்படையின் கதை இன்னொன்று உண்டு. 1946 பிப்ரவரியில் கப்பல் மாலுமிகள் கெட்டுப்போன சோற்றுக்கும் நிறவெறி வசவுக்கும் எதிராக வேலைநிறுத்தம் செய்து ஏகாதிபத்தியக் கொடியை இறக்கினார்கள். அவர்களுக்காகப் பம்பாய்த் தொழிலாளிகள் தெருவில் இறங்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் இருநூறு பேருக்கு மேல் மாண்டார்கள். அந்த மாலுமிகளில் நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். சுதந்திரம் வந்த பிறகும் கடற்படை அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒருவனைச் சுட்டுக் கொன்ற அதிகாரிக்குக் கடற்படை காவல் தந்தது. ஒருவனையும் கொல்லாமல் சுயமரியாதை கேட்ட மாலுமிக்கு வாசல் கதவைச் சாத்தியது. முகராசி என்பது மூக்கும் முழியும் அல்ல, தோழர்களே! அது தோளில் இருக்கும் பட்டையின் எண்ணிக்கை.

பாகவதர் முகம் ஏன் பலிக்கவில்லை?

"அப்படியானால் ஜனங்களுக்குப் பிடித்தவனை ஜூரி எப்போதும் விட்டுவிடும் அல்லவா?" என்று கேட்கலாம். நம் சென்னையிலேயே அதற்குப் பதில் இருக்கிறது.

1944-ல் தமிழ்நாட்டில் எம்.கே. தியாகராஜ பாகவதரைவிட ஜனங்களுக்குப் பிடித்த முகம் எது? அவருடைய 'ஹரிதாஸ்' படம் வட சென்னை பிராட்வே டாக்கீஸில் மூன்று தீபாவளி கண்டது. அந்த ஆண்டு நவம்பர் 8-ம் தேதி 'இந்து நேசன்' ஆசிரியர் லட்சுமிகாந்தன் சென்னையில் ரிக்ஷாவில் போகும்போது குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். சென்னை ஹைகோர்ட்டில் ஜூரி விசாரணை. 1945 மே மாதம் ஆறு பேர் குற்றவாளி என்றார்கள். மூன்று பேர் இல்லை என்றார்கள். ஆயுள் தண்டனை விழுந்தது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு மறுபடி சென்னைக்குத் திரும்பி, 1947-ல்தான் இருவரும் விடுதலையானார்கள். பாகவதர் தொழிலில் மீண்டும் எழவே இல்லை. நானாவதியை ஜூரி விடுவித்த சில நாட்களில், 1959 நவம்பர் 1 அன்று, அதே சென்னையில் காலமானார்.

நாடே கொண்டாடிய முகம் ஜூரியிடம் பலிக்காதது ஏன்? அந்த ஆறு பேரின் மனத்துக்குள் புகுந்து பார்க்க நம்மால் முடியாது. அவர்கள் சாட்சியத்தை நம்பியே சொல்லியிருக்கலாம். ஆனால் ஒன்று நிச்சயம். தரை டிக்கெட் வாங்கிப் பாகவதர் பாட்டைக் கேட்டுத் தலையாட்டிய பின்னி மில் தொழிலாளிக்கும், துறைமுகக் கூலிக்கும், ரிக்ஷாக்காரனுக்கும் ஜூரிப் பெஞ்சில் இடம் கிடையாது. 1898-ம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டமே எழுதி வைத்திருந்தது: சிறப்பு ஜூரர் பட்டியல் தயாரிக்கும்போது ஆளின் சொத்து, நடத்தை, படிப்பு மூன்றையும் பார்க்கவேண்டும். முதலில் சொத்து! வெள்ளைக்கார ராஜ்யத்தில் 'ஊர் ஜனங்கள்' என்றால் சொத்து உள்ள ஜனங்கள்.

ஆக, 'பாமரர்கள் உணர்ச்சியில் தீர்ப்புச் சொன்னார்கள்' என்பதே பொய். இந்தியாவில் பாமரன் ஜூரியில் உட்கார்ந்த காலமே இல்லை. உட்காராதவன் தலையில் பழியைப் போட்டு, உட்கார்ந்த கனவான் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்!

ஒரு கத்தி, இரண்டு கை

இனி முதல் கட்சியின் பாதி உண்மைக்கு வருவோம். சட்டத்தைத் தள்ளிவைக்கும் தீர்ப்பு எப்போதுமே அநியாயமா? இல்லை.

1670-ல் லண்டனில் அனுமதியில்லாமல் தெருவில் மதப் பிரசங்கம் செய்ததற்காக வில்லியம் பென், வில்லியம் மீட் என்ற இருவரை விசாரித்தார்கள். ஜூரர்கள் தண்டிக்க மறுத்தார்கள். அவர்களைச் சோறு தண்ணீர் இல்லாமல் பூட்டி வைத்தார்கள்; அபராதம் போட்டார்கள். அசையவில்லை. தீர்ப்புக்காக ஜூரரைத் தண்டிக்கக் கூடாது என்ற விதி அந்தப் பிடிவாதத்தில்தான் பிறந்தது. அமெரிக்காவில் 1850-ல் தப்பியோடிய அடிமையைப் பிடித்துக் கொடுக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. அடிமைக்கு உதவியவர்களைத் தண்டிக்க பாஸ்டன் போன்ற வடக்கு நகரங்களில் ஜூரர்கள் மறுத்தார்கள்.

நம் நாட்டில், 1908 ஜூலையில் பம்பாய் ஹைகோர்ட்டில் திலகர் மேல் ராஜத்துரோக வழக்கு. ஒன்பது ஜூரர்களில் ஏழு பேர் வெள்ளையர். இரண்டு பேர் பார்சிகள். ஏழு வெள்ளையரும் குற்றவாளி என்றார்கள். இரண்டு இந்தியரும் இல்லை என்றார்கள். ஆறு வருஷம் நாடு கடத்தல். தீர்ப்பு வந்த மறுநாள் தொடங்கி ஆறு நாள் பம்பாய் மில் தொழிலாளிகள் யந்திரங்களை நிறுத்தினார்கள். அந்த வேலைநிறுத்தத்தை வரவேற்று அன்றே லெனின் எழுதினார். இங்கே அதே வருஷம் மார்ச்சில் வ.உ.சி. கைதானபோது தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். ஜூரிப் பெஞ்சில் இடம் கிடைக்காத தொழிலாளி தன் தீர்ப்பை மில் வாசலில் சொன்னான்!

ஜூரியில் இரண்டு இந்தியர் மறுத்ததுகூட வெள்ளைக்காரனுக்குப் பொறுக்கவில்லை. 1929-ல் மீரத் சதி வழக்கு. நாடு முழுவதிலுமிருந்து தொழிற்சங்கத் தலைவர்களையும் கம்யூனிஸ்டுகளையும் அள்ளிக்கொண்டு மீரத்துக்குப் போனார்கள். ஏன் மீரத்? பம்பாயிலோ கல்கத்தாவிலோ நடத்தினால் ஜூரி வேண்டும். தொழிலாளி இயக்கம் கொந்தளித்த அந்த நகரங்களில் ஜூரியை நம்ப சர்க்காருக்குத் தைரியமில்லை. பகத்சிங்குக்கும் 1930-ல் அவசரச் சட்டம் போட்டு ஜூரி இல்லாத தனி டிரிப்யூனல் வைத்தார்கள். ஜூரி எப்போது வேண்டும், எப்போது வேண்டாம் என்று ஆளும் வர்க்கத்துக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் அதே கத்தி இன்னொரு கையிலும் இருந்தது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் கூலியை உதைத்துக் கொன்ற துரைமார்களை விசாரிக்க, குறைந்தது பாதிப் பேர் வெள்ளையராக உள்ள ஜூரியைக் கேட்கும் உரிமையை 1884-ம் ஆண்டுச் சட்டம் தந்தது. செத்த கூலிக்கு மண்ணீரல் வீங்கியிருந்தது, அதனால்தான் ஒரு உதையில் செத்தான் என்று டாக்டர் சாட்சி சொல்வான். துரைக்கு அபராதம், அல்லது விடுதலை. அமெரிக்காவில் 1955-ல் மிசிசிப்பி ராஜ்யத்தில் எம்மெட் டில் என்ற 14 வயது நீக்ரோச் சிறுவனைச் சித்திரவதை செய்து கொன்ற இரண்டு வெள்ளையரை, முழுக்க வெள்ளையர் அடங்கிய ஜூரி 67 நிமிஷத்தில் விடுதலை செய்தது. அடுத்த வருஷமே அவர்கள் காசு வாங்கிக்கொண்டு ஒரு பத்திரிகைக்கு "நாங்கள்தான் கொன்றோம்" என்று சொன்னார்கள்.

பாஸ்டன் ஜூரியும் சட்டத்தைத் தள்ளிவைத்தது. மிசிசிப்பி ஜூரியும் தள்ளிவைத்தது. இரண்டையும் எப்படிப் பிரித்து அறிவது? ஒரே கேள்வி போதும். இவர்கள் தள்ளிவைத்தது சட்டத்தையா, செத்தவனையா?

அடிமைச் சட்டத்தைத் தள்ளிவைத்தவர்கள் யார் எதிரியாக வந்தாலும் அதே தீர்ப்பைச் சொல்லியிருப்பார்கள். முகம் தெரியாதவனுக்கும் சொல்லியிருப்பார்கள். அவர்கள் குறை கண்டது சட்டத்தில். மிசிசிப்பி ஜூரிக்குக் கொலைச் சட்டத்தின் மேல் ஒரு குறையும் இல்லை. கொன்றவன் கறுப்பனாக இருந்தால் அதே சட்டப்படி தூக்குக்கு அனுப்பியிருக்கும். அது தள்ளிவைத்தது செத்த சிறுவனின் உயிரை. நானாவதி ஜூரியை இந்தத் தராசில் வையுங்கள். அதே கொலையை, அதே காரணத்துக்காக, அதே கப்பலில் வேலை செய்யும் ஒரு கூலி செய்திருந்தால் எட்டுப் பேர் "குற்றவாளி அல்ல" என்றிருப்பார்களா? 'பிளிட்ஸ்' அட்டையில் படம் போட்டிருக்குமா? கவர்னர் அன்றே பேனாவை எடுத்திருப்பாரா? பதில் உங்களுக்கே தெரியும்.

ஜூரி ஒழிந்தது, பட்சபாதம் ஒழிந்ததா?

நானாவதி வழக்கால்தான் ஜூரி ஒழிந்தது என்று கதை கட்டுகிறார்கள். 2016-ல் இந்திச் சினிமாவும் அந்த வழக்கைத் தூசு தட்டி எடுத்தது. உண்மை வேறு. நானாவதி துப்பாக்கி எடுப்பதற்கு ஒரு வருஷம் முன்பே, 1958-ல், சட்டக் கமிஷன் தன் 14-வது அறிக்கையில் ஜூரியை ஒழிக்கச் சிபாரிசு செய்துவிட்டது. 1973-ம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரி இல்லாமல் போயிற்று. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் இல்லை.

சரி, ஜட்ஜ் கையில் மட்டும் இருக்கும் நீதி முகம் பார்க்காததா? வெண்மணிக்கு வாருங்கள்.

1968 டிசம்பர் 25 இரவு. கீழத்தஞ்சையில் கீழ்வெண்மணிச் சேரி. கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டு, செங்கொடியை இறக்க மறுத்ததற்காக 44 பேரை ஒரு குடிசையில் அடைத்துத் தீ வைத்துக் கொன்றார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். 1970-ல் நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட், நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவன் கோபாலகிருஷ்ண நாயுடு முதலானோருக்குப் பத்து வருஷம் தண்டனை விதித்தது. 44 உயிருக்குப் பத்து வருஷம்! அதுவும் பொறுக்கவில்லை. 1973-ல் சென்னை ஹைகோர்ட் விடுதலை செய்துவிட்டது. என்ன காரணம் சொன்னார்கள்? எதிரிகள் எல்லாரும் மிராசுதாரர்கள், நிறைய நிலம் உள்ள பணக்காரர்கள், நாயுடுவிடம் கார்கூட இருக்கிறது. இப்படிப்பட்டவர்கள் வேலைக்காரர்களை அனுப்பாமல் தாங்களே நடந்து போய்த் தீ வைத்தார்கள் என்று நம்புவது கஷ்டம் என்ற பொருள்பட எழுதினார்கள். அதே இரவில் மிராசுதார் பக்கத்து ஆள் ஒருவர் இறந்த வழக்கில் விவசாயத் தொழிலாளிகள் சிறைத் தண்டனை பெற்றார்கள்.

இங்கே ஜூரி எங்கே? பாமரன் எங்கே? உணர்ச்சிவசப்பட்ட கூட்டம் எங்கே? சட்டம் கரைத்துக் குடித்த ஜட்ஜுகள், அங்கி அணிந்து, அமைதியான ஹாலில் உட்கார்ந்து சொன்ன தீர்ப்பு அது. கார் வைத்திருப்பவன் நடக்கமாட்டான். நடக்கமாட்டாதவன் கொலை செய்யமாட்டான். பம்பாய் ஜூரி சீருடையைப் பார்த்தது. சென்னை ஜட்ஜ் காரைப் பார்த்தார். இதற்குப் பெயர் பாரபட்சமற்ற நீதியா?

பழங்கதை என்று தள்ளுகிறீர்களா? 2024 மே 19 அன்று புனேயில் ஒரு கட்டட முதலாளியின் 17 வயது மகன் ஓட்டிய விலை உயர்ந்த கார் மோதி இரண்டு இளம் என்ஜினீயர்கள் செத்தார்கள். குடித்துவிட்டு ஓட்டினான் என்பது வழக்கு. சில மணி நேரத்தில் ஜாமீன். நிபந்தனை என்ன தெரியுமா? சாலை விபத்து பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுதவேண்டும்! நாடு கொதித்தெழுந்த பிறகுதான் அந்த உத்தரவு மாறியது. மாதவரத்தில் லாரி ஓட்டும் தோழன் கையில் அப்படி ஒரு விபத்து நடந்தால் அவனிடம் யாராவது கட்டுரை கேட்பார்களா? 2022-ம் ஆண்டு முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர் தண்டனையே விதிக்கப்படாதவர்கள். ஜாமீன்தாரருக்குச் சொத்து இல்லாததால் உள்ளே கிடப்பவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். அவர்கள் முகம் யாருக்கும் பிடிக்கவில்லை.

நாம் கேட்பது என்ன?

ஆகவே, "ஜூரியா, ஜட்ஜா?" என்று கேட்பவன் நம்மைத் திசைதிருப்புகிறான். இரண்டு இடத்திலும் முகம் பார்க்கப்படுகிறது. எந்த வர்க்கம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறதோ அந்த வர்க்கத்துக்குப் பழகிய முகம்தான் நல்ல முகம் ஆகிறது. இது தனி மனிதனின் குணக்கேடு மட்டும் அல்ல. தன்னைப்போல் உடுத்தி, தன்னைப்போல் பேசுகிறவனை நம்புவதும், கந்தலோடு வந்து மாஜிஸ்திரேட் முன் நாக்குழறுகிறவனைச் சந்தேகிப்பதும் வர்க்க சமுதாயத்தின் பழக்கம்.

இதில் ஒரு வித்தியாசத்தை மட்டும் நாம் மறக்கக்கூடாது. ஜட்ஜ் காரணத்தை எழுதவேண்டும். ஜூரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். வெண்மணித் தீர்ப்பின் அநியாயத்தை இன்றைக்கும் நாம் மேடைதோறும் எடுத்துக்காட்ட முடிகிறதென்றால், அது எழுதப்பட்டிருப்பதால்தான். கார் என்ற வார்த்தை அந்த ஏட்டில் இருக்கிறது, அழிக்கமுடியாது. நானாவதியின் எட்டு ஜூரர்கள் எதை நினைத்துச் சொன்னார்கள் என்பதற்கு ஒரு வரி இல்லை. எழுதிய காரணத்தை எதிர்த்து அப்பீல் போடலாம், ஊர்வலம் போகலாம், பிரசுரம் போடலாம். வாய்மூடிய அநியாயத்தை எதை வைத்து எதிர்ப்பது? ஆகையால், யார் தீர்ப்புச் சொன்னாலும் காரணத்தை எழுதித் தரவேண்டும் என்பது நம் முதல் கோரிக்கை. சாதாரண ஜனங்களுக்குப் புரியும் தமிழில் எழுதித் தரவேண்டும்.

இரண்டாவது: மறுபடி ஜனங்களை நீதிபீடத்தில் உட்கார வைப்பதானால், வாக்காளர் பட்டியலிலிருந்து வையுங்கள். சொத்துப் பட்டியலிலிருந்து வேண்டாம். ஜூரியின் தாயகம் என்று சொல்லிக்கொள்ளும் இங்கிலாந்திலேயே 1974 வரை ஜூரராகச் சொத்துத் தகுதி இருந்தது என்றால், இந்தப் பெருமையின் லட்சணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாதவரம் பால் பண்ணைத் தொழிலாளியும், எண்ணூர் மீனவப் பெண்ணும், திருவொற்றியூர் ஒப்பந்தக் கூலியும், கீழத்தஞ்சைச் சேரியின் நடவு ஆளும், ஒரு நாள் கூலி போகாமல் பெஞ்சில் உட்கார முடியவேண்டும். அந்த நாள் கூலியைச் சர்க்கார் தரவேண்டும். அதைச் செய்யாமல் "ஜூரி வேண்டும்" என்பவன் பழைய கனவான்களையே மறுபடி கூப்பிடுகிறான்.

மூன்றாவது: ஜாமீன் சொத்தைப் பார்த்துக் கிடைக்கக் கூடாது. வீடும் பத்திரமும் இல்லாதவனுக்குச் சங்கத்தின் உறுதிமொழி போதும் என்று வரவேண்டும்.

கோரிக்கை வைத்துவிட்டுச் சும்மா இருந்தால் வருமா? 1920-ல் பெரம்பூர் பின்னி மில் முதலாளிகள் சென்னைத் தொழிற்சங்கத் தலைவர்கள் மேல் வழக்குப் போட்டு ஹைகோர்ட்டில் தடையுத்தரவு வாங்கினார்கள். சங்கம் நடத்துவதே முதலாளிக்கு நஷ்டம் விளைவிக்கும் சதி என்று அன்றைய சட்டம் பேசியது. அந்தச் சட்டத்தை ஒரு கனவான் இரக்கப்பட்டுத் தள்ளிவைக்கவில்லை. தொழிலாளிகள் போராடினார்கள், 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. தள்ளிவைக்கவேண்டிய சட்டத்தைத் தெருவில் நின்று தள்ளிவைத்தவர்கள் நம் முன்னோர்கள்.

ஆகையால், தோழர்களே! ஒரு தோழன் மேல் வழக்கு வந்தால் அவனைத் தனியாகக் கோர்ட்டுக்கு அனுப்பாதீர்கள். வாய்தா தோறும் ஷிப்டு முடிந்தவர்கள் போய் உட்காருங்கள். வழக்கு நிதிக்கு மாதம் ஒரு சிறு தொகை ஒதுக்குங்கள். கண்ணால் கண்ட சாட்சி பயந்து பின்வாங்காமல் பக்கத்தில் நில்லுங்கள். தீர்ப்பின் நகலை வாங்கிச் சங்க அலுவலகத்தில் உரக்கப் படியுங்கள். சேரியில் கொலை விழுந்தால், செத்தவனின் பெயரை ஒவ்வொரு வாய்தாவிலும் ஞாபகப்படுத்துங்கள். கொன்றவனுக்கு முகம் இருக்கிறது, வக்கீல் இருக்கிறான், பத்திரிகை இருக்கிறது. செத்தவனுக்கு இருப்பது நாம்தான்.

சீருடைக்கும் காருக்கும் தலைவணங்கும் நீதியை மாற்றும் வல்லமை உழைக்கும் மக்களின் ஒற்றுமைக்கே உண்டு. பின்னி மில் வாசலில் அதைக் கட்டினார்கள். மாதவரத்திலும் கட்டுவோம், வாருங்கள்!